யட்சி கேட்ட சுண்ணாம்பு

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் மகளை மலம்புழா அணைக்கு அழைத்துப் போயிருந்தேன். யட்சி சிலைக்கு முன்னால் ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் பத்தாம் வகுப்பு. “அம்மா, இதை ஒரு பெண் செய்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பாளா?” என்று கேட்டாள். சிலை எனக்குச் சங்கடம் தரவில்லை, அந்தக் கேள்விதான் தந்தது. என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, சித்தூர், பாலக்காடு

அன்புள்ள வாசகிக்கு,

செய்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

கானாயி குஞ்ஞிராமனின் யட்சி எனக்குப் பிடித்த சிலை. 30 அடி உயரம், ஆடையில்லாத உடல், அகட்டி நீட்டிய கால்கள், கூந்தலுக்குள் போன கைகள், பின்னால் மலை. 1969-இல் அது எழுந்தபோது ஆபாசம் என்று கூச்சலிட்டார்கள். அப்படிப் பார்த்தால் நம் கோயில் தூண்களுக்கெல்லாம் வேட்டி சுற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் யட்சி யார்? பாட்டிகள் சொன்னது நினைவிருக்கும். பாலை மரத்தடியில் நிற்பாள். இரவில் தனியே வரும் ஆணிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். விடிந்தால் அவனுடைய பல்லும் நகமும்தான் மிச்சம். ஒற்றையடிப் பாதையில் நடந்த ஆணின் ஆசையையும் பயத்தையும் பிசைந்து செய்த உருவம் அவள். கானாயி அதை மலைக்கு நிகராக உட்காரவைத்தார்.

அதே 1969-இல்தான் பொன்னானிப் பக்கத்து ஓவியர் டி.கே. பத்மினி பிரசவத்தில் இறந்துபோனார். 29 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. கானாயியும் அவரும் சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர்கள். பத்மினியும் ஆடையில்லாத பெண்களை வரைந்தார். கறுத்த, கனத்த உடல்கள், இருட்டிலிருந்து பாதி பிரிந்து வந்தவைபோல. யாரிடமும் எதையும் கேட்காத பெண்கள். முதன்முதலில் அச்சில் பார்த்தபோது, கதவைத் தட்டாமல் யார் அறைக்குள்ளோ நுழைந்துவிட்டவன்போலக் கூசினேன். யட்சியின் முன்னால் ஒருநாளும் எனக்கு அந்தக் கூச்சம் வந்ததில்லை. அவளைப் பார்க்க எனக்கு அழைப்பு இருக்கிறது என்ற தைரியம்தான் காரணம்.

பெண்ணுக்கோ, ஆடையில்லாத மாடலை வைத்து வரையும் அறைக்குள் போகவே ஒரு காலத்தில் அனுமதி கிடையாது. லண்டனில் ராயல் அகாதமி என்ற கலைக் கழகத்தை 1768-இல் தொடங்கியவர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் உண்டு. உறுப்பினர்களை ஒன்றாக வைத்து ஸோஃபனி வரைந்த ஓவியத்தில், ஆண்களெல்லாம் ஆடையில்லாத மாடலைச் சுற்றிக் கூடியிருக்கிறார்கள். அந்த இருவரை மட்டும் சுவரில் மாட்டிய படங்களாக வரைந்துவிட்டார்! மாடல் ஆண் என்பதால் பெண்கள் அங்கே இருப்பது மரியாதை இல்லையாம். அகாதமியின் பள்ளியில் மாணவிகளுக்கு ஆடை களைந்த மாடலை வைத்து வரைய 1893 வரை வழியில்லை. அப்போதும் மாடலின் இடுப்பில் துணி இருக்க வேண்டும். உடம்பைப் படிக்கவே விடாமல், பெண்களுக்கு உருவம் வரைய வராது என்று தீர்ப்பும் எழுதினார்கள்.

உங்கள் மகள் வரைவாளா? கடிதத்தில் சொல்லவில்லை. வரைவாள் என்றால் அவளுடைய யட்சியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் யார் யாரிடம் சுண்ணாம்பு கேட்கிறார்கள் என்று பார்க்க ஆசை.