திருச்சி நெரிசல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சாலைச் சந்திப்பு வடிவமைப்பும் பேருந்துத் தட ஏற்பாடும் என் தொழில். திருச்சிப் போக்குவரத்து பற்றி எதுவும் கேட்கலாம் என்றேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

தில்லைநகர்: சார், நம்ம ஊருக்கு மெட்ரோ வருமா?

இப்போதைக்கு வராது. மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை அளவுகோலாக வைத்திருக்கிறது. அதைக் காட்டித்தான் 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளையே திருப்பி அனுப்பினார்கள். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சி 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மெட்ரோ வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தால் இருக்கிற டவுன் பஸ்ஸையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். என் கவலை அதுதான்.

உறையூர்: ரோட்டை அகலப்படுத்தினால் பிரச்சினை தீராதா?

தீராது. நெரிசல் உண்டாகிற இடம் சந்திப்பு. ஒரு தடத்தில், அதாவது வண்டிகள் ஒற்றை வரிசையாகப் போகும் பாதையில், பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மணிக்குச் சுமார் 1,800 கார்கள் போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 120 நொடி சிக்னல் சுற்றில் உங்கள் பக்கத்துக்கு 30 நொடி பச்சை என்றால் அது 450 ஆகிவிடும். பின்னால் ரோடு எவ்வளவு அகலமாக இருந்தாலும், சிக்னல் கோட்டில் தடம் கூடாதவரை தாண்டுவது அந்த 450தான்.

அந்த 450ஐயும் நாம் முழுதாக அனுபவிப்பதில்லை. சிக்னலைத் தாண்டியவுடன் பஸ் ஸ்டாப் இருக்கும். ஸ்டாப்பில் ஆட்டோக்கள் நிற்கும். பஸ் ஓரம் கட்ட இடமில்லாமல் நடு ரோட்டில் நிற்கும், ஆட்கள் ஏறி இறங்க 20 நொடி ஆகும். பின்னால் பச்சை எரிந்தும் யாராலும் நகர முடியாது. ஸ்டாப்பைத் தள்ளி வைத்து, ஆட்டோவுக்குத் தனி இடம் கொடுத்து, இடப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு வழி விட்டாலே பெரிய மாற்றம் தெரியும். பாலத்துக்கு ஆகும் செலவில் இது ஒரு துளி. பாலம் கேட்பதற்கு முன்னால் சந்திப்பைப் பாருங்கள்.

ஸ்ரீரங்கம்: அப்படியானால் புதுக் காவிரிப் பாலமும் வேண்டாம் என்பீர்களா?

அது கட்டாயம் வேண்டும். 1976இல் திறந்த பாலத்தை 2022-23இல் பழுதுபார்க்க மூடியபோது ஸ்ரீரங்கம் தீவே தவித்தது, பஸ்ஸெல்லாம் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றிப் போயின. ஆற்றைக் கடக்க மாற்று வழி இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் சிந்தாமணியையும் மறு பக்கம் மாம்பழச்சாலையையும் சீர்செய்யாமல் விட்டால், வண்டிகள் புதுப் பாலத்தின் மேலேயே வரிசை கட்டும். சந்திப்பு, சந்திப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

விமான நிலையப் பகுதி: ஹெல்மெட் அபராதம் தவறாக வந்திருக்கிறது, என்ன செய்வது?

போக்குவரத்துக் காவல் பிரிவிடம் முறையிடுங்கள். என் துறை இல்லை.

கே.கே. நகர்: மெட்ரோ எப்போது சார்?

முதல் பதிலைப் பாருங்கள்.

எடமலைப்பட்டிபுதூர்: பஞ்சப்பூருக்கு பஸ் ஸ்டாண்டை மாற்றியது சரியா, தப்பா?

சரிதான், பாதி வேலை பாக்கி. 2025 ஜூலையில் வெளியூர் பஸ்கள் அங்கே போனதால் ஊருக்குள் பெரிய வண்டிகள் குறைந்தன. ஆனால் மதுரையிலிருந்து வருகிறவருக்குப் பஞ்சப்பூரில் வேலை கிடையாது, அவர் போக வேண்டியது சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கோ பாலக்கரைக்கோ. அந்தக் கடைசிப் பயணம் சுலபமாக இல்லையென்றால் அடுத்த முறை காரில் வந்துவிடுவார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 6 பஸ் போதும். நெரிசலில் அதே நடை 90 நிமிடம் ஆனால், அதே 6 பஸ்ஸை வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு ஒன்றுதான் விட முடியும். பழைய இடைவெளி வேண்டுமென்றால் 9 பஸ் வேண்டும். ஒரு பஸ்கூடக் குறையாமலே ஊரில் பஸ் குறைந்துவிடுகிறது! அதனால்தான் சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னுரிமை கேட்கிறேன். நம்மைப் போன்ற அளவுள்ள புவனேஸ்வரத்தில் 2018இல் 'மோ பஸ்' என்ற டவுன் பஸ் சேவையைத் தொடங்கினார்கள். பஸ் எங்கே வருகிறது என்பது செல்போனில் தெரியும். இங்கேயும் முடியும்.

பொன்மலை: பஸ் நிறைய ஓடுகிறதே, பிறகு ஏன் பெண்கள் கூட்டமாகக் காத்து நிற்கிறார்கள்?

நல்ல கேள்வி. இங்கே தனியார் டவுன் பஸ் அதிகம். 2021இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம் அரசு சாதாரண பஸ்ஸில் மட்டும்தான். ரோட்டில் போகிற பஸ்ஸை எண்ணினால் போதாது, அவர்கள் ஏறக்கூடிய பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று பார்க்க வேண்டும்.

பெரியகடை வீதி வியாபாரி: கடை வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று போனமுறை எழுதினீர்கள். எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் ஐயா.

நிறுத்தவே கூடாது என்று சொல்லவில்லை, நாள் முழுக்க நிறுத்தக் கூடாது என்றேன். காலை 10 மணிக்குக் கடை திறக்கிறவரின் வண்டியும் பணியாளர்களின் வண்டியும் இரவு 9 வரை வாசலிலேயே நிற்கின்றன. 11 மணி நேரம், ஒரு வண்டி. அதே இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருவர் நிறுத்திப் போனால் 33 வாடிக்கையாளர் வரலாம். இடத்தை அடைத்திருப்பது உங்கள் வாடிக்கையாளர் இல்லை.

அதே வியாபாரி: எங்கள் பையன்கள் எங்கே நிறுத்துவார்கள்? ராத்திரி கடை அடைத்துவிட்டு மணிகண்டம் போகிறவன் இருக்கிறான்.

கொஞ்சம் தள்ளி மாத வாடகை நிறுத்தம் வேண்டும். சங்கமாகச் சேர்ந்து மாநகராட்சியிடம் கேளுங்கள், நான் கூட வருகிறேன்.

சின்னக்கடை வீதி: பாண்டி பஜாரில் நடைபாதை போட்டார்களே, கடைகள் மூடியா கிடக்கின்றன? இவர்கள் சும்மா பயப்படுகிறார்கள்.

பெரியகடை வீதி வியாபாரி: மெட்ராஸில் மாம்பலத்தில் ரயிலே நிற்கிறது. இங்கே ராத்திரி 9 மணிக்கு மேல் பஸ் கிடைக்குமா?

இந்த வாதத்தில் வியாபாரி பக்கம் நியாயம் இருக்கிறது. பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் வந்தபோது சுற்றிலும் ரயிலும் பஸ்ஸும் இருந்தன. இங்கே இரவு பஸ்ஸை உறுதி செய்யாமல் வண்டியை மட்டும் எடு என்றால் எடுபடாது. கடை அடைக்கும் நேரத்துக்கு பஸ், அடுத்து மாத நிறுத்தம், அதற்குப் பிறகு வாசலில் நேரக் கட்டுப்பாடு. இந்த வரிசையில் வந்தால் ஒத்துக்கொள்வீர்களா?

பெரியகடை வீதி வியாபாரி: பஸ் வந்தால் பேசலாம் ஐயா.

வயலூர் ரோடு: மெட்ரோ இல்லாவிட்டால் மோனோ ரயிலாவது?

இல்லை. இன்று இதே கேள்வி மூன்றாம் முறை. ரயில் பற்றி இனி எழுத மாட்டேன்.

பால்பண்ணை: இங்கே ஒரு மேம்பாலம் போட்டால் என்ன?

உறையூர்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கல்லூரி மாணவி: புராஜெக்டுக்கு ஒரு சந்திப்பை ஆய்வு செய்ய வேண்டும். எப்படித் தொடங்குவது சார்?

தலைமைத் தபால் நிலைய ரவுண்டானாவுக்குப் போம்மா. இரண்டு தோழிகளையும் கூட்டிக்கொள். காலை 8:30 முதல் 9:30 வரை, கால் மணி நேரத்துக்கு ஒரு தாளாக எழுது. வண்டியை மட்டும் எண்ணாதே, அதில் எத்தனை பேர் என்றும் குறி. பஸ்ஸில் சரியாக எண்ண முடியாது. காலி, உட்கார்ந்து, நின்று, படியில் என்று நான்கு வகை போதும். நடந்து கடப்பவர்களுக்குத் தனிப் பத்தி வை, பாதிப்பேர் அதை விட்டுவிடுகிறார்கள். எண்ணியதை இங்கேயே போடு, சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.