பதில்: மார்த்தாண்டத்துல இருந்து எழுதின தம்பிக்கு (58 கிலோ, சைவம், ஜிம்முக்குப் போயும் 4 மாசமா எடை ஏறல)

தம்பி, காலையில புட்டும் பயறும், மத்தியானம் சோறு சாம்பார், சாயங்காலம் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. வயிறு நிறையும், புரதம் நிறையாது. மரச்சீனியில 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் தேறினாலே அதிகம். ஜிம் போறவங்களுக்கு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம்னு கணக்கு வச்சா, உங்களுக்கு நாளுக்கு சுமார் 93 கிராம் வேணும்.

'100 கிராம் பயறு' அவிச்ச பிறகு நிறுத்ததுதானே? அதுல 7 கிராம்தான். காய்ந்த பயறா 60 கிராம் அளந்து ஊற வைங்க, 14 கிராம் புரதம் கிடைக்கும். கூடவே பால் அரை லிட்டர் (16), தயிர் 200 கிராம் (6), வறுத்த நிலக்கடலை 50 கிராம் (13), ராத்திரி தோசைக்குக் கொண்டைக்கடலைக் கறி, காய்ந்த எடையில 60 கிராம் (12).

மிச்சத்துக்கு மீல்மேக்கர்தான் (சோயா உருண்டை). காய்ந்தது 50 கிராம்ல 26 இருக்கு. வாடை பிடிக்காம விட்டுட்டீங்களாம். உப்புத் தண்ணியில 5 நிமிஷம் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணி மாத்தி 2 தடவை ஒட்டப் பிழியுங்க. பிழியாம போட்டா மசாலா உள்ள இறங்காது, சவசவன்னு இருக்கும். தீயல் (வறுத்த தேங்காய் அரைச்ச குழம்பு) வச்சுப் பாருங்க, வீட்டுல பங்கு கேப்பாங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல கூட்டினா வாயு பிடிக்கும். வாரத்துக்கு ஒண்ணா சேருங்க. கொண்டைக்கடலையை 10 மணி நேரம் ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க.

எடையே ஏறலன்னா மொத்தச் சாப்பாடும் குறைவு. ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்னாடி 2 ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) கூடுதலா சாப்பிடுங்க. அப்புறம், 4 மாசமா அதே 10 கிலோ டம்பெல்லா? 12 தடவை சுலபமா வந்ததும் 2.5 கிலோ கூட்டுங்க.