ப்ரீகாஸ்ட் வீடு ஸ்ட்ராங்கா?

கேள்வி: ப்ரீகாஸ்ட்னு சுவர், ஸ்லாப் எல்லாம் ஃபேக்டரியில வார்த்து சைட்ல கொண்டாந்து மாட்டினா வேலை சீக்கிரம் முடியுதாமே, அப்புறம் ஏன் சார் எல்லா பில்டரும் இதுக்கு மாறல? கட்டடம் ஸ்ட்ராங்கா இருக்குமா?

பதில்: வேகம் உண்மைதாங்க, சைட்ல அஸ்திவாரம் போடுறப்பவே ஃபேக்டரியில மாடி சுவர் ரெடியாகிடும், மழை பேஞ்சாலும் வேலை நிக்காது. ஆனா டிசைன முன்னாடியே முடிவு பண்ணிடணும், பைப், சுவிட்ச் பாக்ஸ் எல்லாம் வார்க்கும்போதே உள்ள போயிடுறதால அப்புறமா வந்து ஜன்னல கொஞ்சம் தள்ளி வைங்கன்னா நடக்காது. அச்சுக்குப் போட்ட காசு ஒரே மாதிரி பீஸ் நிறைய வார்த்தாதான் திரும்பும், அதனால பெரிய அப்பார்ட்மெண்ட்டுக்கு சரி, தனி வீட்டுக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. லாரி, கிரேன் செலவு வேற.

ஸ்ட்ரென்த் விஷயத்துல நான் பயப்படுறது பீஸும் பீஸும் சேர்ற ஜாயின்ட்டுக்குத்தான். 1968ல லண்டன்ல ரோனன் பாயின்ட்னு இதே மாதிரி பேனல் மாட்டிக் கட்டின 22 மாடி கட்டடம், 18வது மாடியில கேஸ் வெடிச்சு சுவர் பேனல் வெளிய தள்ளப்பட்டதுல ஒரு மூலை முழுக்க மேலேர்ந்து கீழ வரைக்கும் சரிஞ்சு 4 பேர் செத்துப்போனாங்க. ஒரு பாகம் போனாலும் மொத்தமும் தொடர்ந்து சரியக்கூடாதுன்னு அங்க விதியே மாத்தினாங்க. அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஜாயின்ட் கம்பியையும், ஜாயின்ட் இடைவெளியில ஊத்துற சிமெண்ட் கலவையையும் (க்ரவுட்) யாரு செக் பண்ணாங்க, ரெக்கார்டு இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க.