உப்புக் காற்றில் மங்கும் அலாய் வீல்: வாசகர் கேள்வி - பதில்

எட்டு வருடம் ஓடிய கார். சில்வர் அலாய் வீலில் நூல் நூலாக வெள்ளைக் கோடுகள் வளைந்து ஓடுகின்றன. மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். ஏன் போகவில்லை?
(தேவனாம்பட்டினம் வாசகர்)

கோடு அடியில் இருக்கிறது, நீங்கள் தேய்த்தது அதை மூடியிருக்கும் பூச்சை. கம்பெனியிலிருந்து வரும் சில்வர் வீலில் உலோகத்தின் மேல் ப்ரைமர், அதன் மேல் சில்வர் பெயின்ட், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். கல் தெறித்தோ, ஸ்பேனர் நழுவியோ, வீல் அதிராமல் சுழல ரிம்மில் மாட்டும் பேலன்ஸ் எடையைத் தட்டி மாட்டியபோதோ ஓர் இடத்தில் பூச்சு விட்டிருக்கும். உப்பும் ஈரமும் அந்த வழியே புகுந்து, பூச்சுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே அரித்துக்கொண்டே நகரும். அரிப்பின் முனை அமிலத் தன்மையோடு முன்னேறி உலோகத்தைக் கரைக்கும், பின்னால் வெள்ளைத் தூளை விட்டுச் செல்லும். ஈர மண்ணில் புழு ஊர்ந்த தடம்போல் தெரிவது அதுதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது தானாக நிற்காது.

வேலையைத் தொடங்குமுன் இரண்டு சோதனைகள் செய்துகொள்ளுங்கள். வீலை நன்றாகக் கழுவி, மங்கிய இடத்தைத் தண்ணீரால் நனையுங்கள். ஈரமாக இருக்கும்வரை மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால், கோளாறு கிளியர் கோட்டின் மேல்பரப்பில் மட்டும்தான். 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் மென்மையாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் போதும். நனைத்தும் கோடு அப்படியே தெரிந்தால் பூச்சை முழுவதும் எடுத்தாக வேண்டும். அடுத்தது, வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் அது வெறும் அலுமினியம். கருக்காவிட்டால் மேலே இன்னும் பூச்சு இருக்கிறது.

அப்படிப் பூச்சை எடுத்துத் திரும்பப் பெயின்ட் அடிக்கும் வேலையை வீட்டிலேயே செய்ய முடியுமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.
(முத்தியால்பேட்டை வாசகர்)

முடியும். ஒரு வீலுக்கு ஒரு முழு நாள் வேலையும், நடுவே ப்ரைமர் இறுக ஓர் இரவும் ஒதுக்குங்கள். நான்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் மூன்றாம் மாதம் மறுபடி கடிதம் எழுதுகிறார்கள்.

டயரைக் கழற்றிவிட்டுச் செய்வதே சரி. எந்த டயர் எந்த வீலில், எந்தப் பக்கம் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கழற்ற வழியில்லை என்றால், காற்றைக் குறைத்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய விசிட்டிங் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி வட்டமாகச் செருகுங்கள். மாஸ்கிங் டேப்பை விட அது சுத்தமாக மறைக்கும், ரிம்மின் விளிம்பிலும் பெயின்ட் முழுதாக இறங்கும்.

சோப்புத் தண்ணீரில் பிரேக் தூசி போகக் கழுவி, எடை ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெயால் துடைத்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு பெயின்ட் ரிமூவரைப் பழைய பிரஷ்ஷால் தடிமனாகப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் வேலை செய்யுமுன்பே உலர்ந்துவிடும். பூச்சு பால் ஆடைபோல் சுருங்கியதும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள். மெல்லிய மருத்துவக் கையுறையை இந்த ரிமூவர் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், தடித்த ரசாயனக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பூச்சு கரைக்கக் காஸ்டிக் சோடாவைத் தொடாதீர்கள். அது பெயின்ட்டோடு அலுமினியத்தையும் தின்று கருப்பாக்கும்.

இனித் தேய்ப்பு. அரித்த இடங்களுக்கு 180, பிறகு 240, கடைசியாக 320 நம்பர் வாட்டர் பேப்பர். ஒவ்வொரு நம்பரையும் முந்தையதற்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கீறல் மறைந்ததா என்று கண்ணுக்குத் தெரியும். குழிக்குள் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளி தெரிகிறதா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி இருந்தால் அரிப்பு அங்கே உயிரோடு இருக்கிறது என்று பொருள். பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்தாக வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வுல், இரும்பில் ஏற்கெனவே தேய்த்த தாள் மூன்றும் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, துகளைச் சுற்றியே புது அரிப்பு கிளம்பும்.

பிளாட்பாரக் கல்லில் உரசிய காயம் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் பட்டி பார்க்கலாம். வெறும் அலுமினியத்தின் மேலோ எபாக்ஸி ப்ரைமரின் மேலோ வையுங்கள், அமிலம் கலந்த எட்ச் ப்ரைமரின் மேல் வைத்தால் கழன்றுவிடும்.

அடுத்ததைத்தான் நம் ஊரில் பலரும் கோட்டை விடுகிறார்கள். தேய்த்து முடித்த வீலை போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுவது. கடலோரப் பகுதிகளில் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான். அது காய்ந்து மிச்சமாகும் உப்பு பெயின்ட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுக்கும், சில மாதத்தில் அம்மைக் கொப்புளம்போல் பெயின்ட் எழும்பும். கடைசி அலசலுக்கு ஒரு வீலுக்கு ஐந்து லிட்டர் கேன் தண்ணீர் செலவழியுங்கள். நட்டுக் குழிக்குள்ளும் ஸ்போக்கின் பின்பக்கமும் ஊற்றுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புத்தான். உலர்ந்ததும் சுத்தமான துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள்.

துடைத்த சில மணி நேரத்துக்குள் ப்ரைமர் ஏற வேண்டும். தள்ளிப்போட்டால் இந்தக் காற்றில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு தடிக்கும், அழுக்கும் சேரும். இரட்டைக் கலவை எபாக்ஸி ப்ரைமர் நல்லது. கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு அலுமினியத்தில் பிடித்து நிற்காது. 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லியதாக இரண்டு கோட், நடுவே 10 நிமிடம் இடைவெளி. எபாக்ஸி ஒரு இரவு இறுகட்டும். மறுநாள் 600 நம்பரால் லேசாகத் தேய்த்து, மறுபடி கேன் தண்ணீரில் அலசுங்கள். சில்வரை முதலில் ஸ்போக்கின் பக்கவாட்டிலும் நட்டுக் குழியைச் சுற்றியும் (நட்டு அமரும் குழிக்குள் அல்ல) அடித்துவிட்டு முகத்தைக் கடைசியில் அடியுங்கள். இறுதிக் கோட்டை மட்டும் சற்றுத் தள்ளி நின்று பனிபோல் தூவினால் திட்டுத் திட்டாகத் தெரியாது. மேலே கிளியர் இரண்டு கோட். 400 மில்லி ஸ்பிரே டப்பாக் கணக்கில் நான்கு 15 இஞ்ச் வீலுக்கு ப்ரைமர் ஒன்று அல்லது இரண்டு, சில்வர் இரண்டு, கிளியர் இரண்டு ஆகும். ஹார்டனர் சேர்ந்த 2கே கிளியர் பிரேக் சூட்டையும் கல்லையும் தாங்கும், சாதாரண டப்பாக் கிளியர் அவ்வளவு தாங்காது. ஆனால் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். கொரோனாக் கால முகக்கவசம் அதற்கு எதற்கும் உதவாது. உரிய சுவாசக் கருவி இல்லையென்றால் கிளியரை மட்டும் பெயின்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயின்ட் பால் கலந்ததுபோல் வெளுக்கும். மாசிக்கு மேல், பனி முழுதும் விலகிய பிறகு, மதியக் கடற்காற்று எழும்புவதற்குள் நிழலில் அடித்து முடியுங்கள்.

வாட்டர் வாஷ் கடையில் வீல் பளபளக்கும் என்று ஏதோ மருந்து அடித்தார்கள். அடுத்த வாரமே சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. துடைத்தால் போகுமா?
(மஞ்சக்குப்பம் வாசகர்)

துடைத்துப் போகாது. அப்படிச் சில நொடியில் பளபளப்புத் தரும் மருந்துகள் பெரும்பாலும் அமிலம். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். அது தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே எலும்புவரை போகும். கழுவும் பையன்கள் செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு இதை அடிப்பதுதான் வெளுத்த வீலை விடப் பெரிய கவலை. வீலைப் பொறுத்தவரை, வெளுப்பு கிளியர் கோட்டில் மட்டும் என்றால் ரப்பிங் காம்பவுண்டில் ஓரளவு தேறும். அடியில் உள்ள உலோகமே வெந்திருந்தால் 400 நம்பரிலிருந்து தேய்த்துப் பெயின்ட்தான். இனி சாதாரண கார் ஷாம்புவும் மெல்லிய பிரஷ்ஷும் போதும் என்று சொல்லிவிடுங்கள். வீல் சூடாக இருக்கும்போது எதையும் அடிக்க விடாதீர்கள்.

முகம் வெள்ளியாகவும் உள்பக்கம் கருப்பாகவும் இருக்கும் டைமண்ட் கட் வீல். கல்லில் உரசிவிட்டது. கையால் தேய்த்துச் சரிசெய்யலாமா?
(அரியாங்குப்பம் வாசகர்)

அந்த முகத்தில் கிராமபோன் தட்டுபோல் நுண்ணிய வட்டக் கோடுகள் இருக்கும், லேத்தில் வெட்டியதால் வந்தவை. கைத் தேய்ப்பில் அவை வராது. தேய்த்த இடம் தனியாகத் திட்டாகத் தெரியும். கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி. லேத் வைத்திருக்கும் வீல் பட்டறையில்தான் திரும்ப வெட்ட முடியும். ஒவ்வொரு முறையும் உலோகம் மெலிவதால் ஒரு வீலுக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வெட்டக் கூடாது. எங்கள் யோசனை, ஒரு தடவை வெட்டியாகிவிட்டதென்றால் அடுத்த முறை மொத்தமும் ஒரே நிறப் பெயின்ட்டுக்கு மாறிவிடுங்கள். வெட்டிய விளிம்பில் கிளியர் மெல்லியதாகத்தான் நிற்கும். முதல் கேள்வியில் சொன்ன புழுத் தடம் முதலில் கிளம்புவதும் அங்கேதான்.

கண்ணாடிபோல் பாலிஷ் ஏற்றி, மேலே கிளியர் அடித்தால் காலத்துக்கும் நிற்குமா?
(காலாப்பட்டு வாசகர்)

நிற்காது. 2000 நம்பர்வரை தேய்த்து பஃபிங் (துணிச் சக்கரத்தால் மெருகு) ஏற்றிய பரப்பில் கிளியர் பிடிக்கக் கீறலே இல்லை, போதாததற்குப் பாலிஷ் மெழுகும் ஒட்டியிருக்கும். ஒரு கல் பட்டால் தகடு தகடாக உரியும். கண்ணாடிப் பளபளப்புத்தான் வேண்டும் என்றால் கிளியரே அடிக்காதீர்கள். 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறி, பிறகு பஃபிங் வீல், அதன்மேல் வாக்ஸ். உங்கள் ஊரில் இரண்டு மூன்று வாரத்தில் மங்கத் தொடங்கும், மறுபடி கையால் துடைத்து வாக்ஸ் ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவர்களுக்கான அழகு அது.

பவுடர் கோட்டிங் செய்யும் இடம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் கிரில்லுக்குச் செய்பவர்கள். வீலைக் கொடுக்கலாமா?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

பூச்சு உறுதியானதுதான். கவலை அடுப்பைப் பற்றி. வார்ப்பு அலாய் வீலுக்கு உறுதி வருவது, வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்துவதால். அதன் கடைசிக் கட்டம் பெரும்பாலும் 150 முதல் 180 டிகிரி செல்சியஸில் நடக்கும். பவுடர் உருகி இறுகவும் கிட்டத்தட்ட 180 முதல் 200 டிகிரி வேண்டும். உலோகம் அந்தச் சூட்டில் 10, 15 நிமிடம் இருந்து வெளியே வந்தால் பாதிப்பு குறைவு. கிரில்லோடு சேர்த்து மாட்டி ஒரு மணி நேரம் மறந்துவிட்டாலோ, அடுப்பு 230-க்குப் போனாலோ பதம் இளகும், அடுத்த பள்ளத்தில் ரிம் நெளியும். டெம்பரேச்சர் மீட்டர் காட்டச் சொல்லுங்கள். பழைய பூச்சை நெருப்பில் எரித்து எடுப்பேன் என்றால் வீலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மணல் பிளாஸ்டிங் கரடாக அடித்தாலும் முகம் கொத்தப்பட்டுப் போகும், நுண்மணல்தான் வேண்டும்.

வாரம் ஐந்து பி.எஸ்.ஐ. காற்று இறங்குகிறது. பஞ்சர் இல்லை என்கிறார்கள்.
(வில்லியனூர் வாசகர்)

ட்யூப்லெஸ் டயர் ரிம்மில் உட்காரும் தடத்தில் வெள்ளை அரிப்பு பூத்திருக்கும். வீலைப் படுக்க வைத்து, விளிம்பு முழுக்கச் சோப்பு நுரை ஊற்றி ஐந்து நிமிடம் காத்திருங்கள், பொடிப் பொடிக் குமிழ் வரிசையாக எழும். வால்வின் அடியிலும் பாருங்கள். டயரைக் கழற்றி, அந்தத் தடத்தை 240 நம்பரால் கையாலேயே சுத்தம் செய்து, பீட் சீலர் (டயர் விளிம்பில் காற்றுக் கசிவை அடைக்கும் பசை) பூசி மாட்டினால் நின்றுவிடும். அங்கே பட்டியோ தடித்த பெயின்ட்டோ வேண்டாம்.

பெயின்ட் அடித்து மாட்டிய மூன்றாம் நாள் வீல் நட்டுகள் தளர்ந்திருந்தன. மெக்கானிக்கின் தவறா?
(கடலூர் முதுநகர் வாசகர்)

பெயின்ட் அடித்தவரின் தவறாக இருக்கவே வாய்ப்பு. நட்டு அமரும் கூம்புக் குழியிலும், வீல் ஹப்போடு (வீலை மாட்டும் நடுப்பாகம்) ஒட்டும் பின்முகத்திலும் பெயின்ட் ஏறினால், ஓட ஓட அது நசுங்கி மெலியும், நட்டின் பிடி அந்த அளவுக்கு விட்டுப்போகும். வீலைக் கழற்றி இரண்டு இடத்தையும் வெறும் உலோகமாகச் சுரண்டுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில், நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் காரின் அளவு ஓனர் மேனுவலில் இருக்கும். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி சரிபாருங்கள். குழி தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தால் அந்த வீலை மாட்டவே கூடாது.