தாத்தா பெட்டியில் இரண்டு பிஸ்டல்: பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

கேள்வி: எங்கள் தாத்தா 1950களில் ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் பங்களா ஒன்றை, உள்ளே இருந்த மேஜை நாற்காலி எல்லாவற்றோடும் சேர்த்து வாங்கினார். அப்பாவும் காலமாகிவிட்ட நிலையில், பாகப்பிரிவினைக்காக வீட்டைச் சுத்தம் செய்தோம். பரணில் ஒரு தேக்குப் பெட்டி கிடைத்தது. அதற்குள் ஒரே மாதிரியான இரண்டு பிஸ்டல்கள், குண்டு வார்க்கும் அச்சு, வெடிமருந்துக் குடுவை. 'லண்டன்' என்று பொறித்திருக்கிறது. லைசென்ஸ் எதுவும் அகப்படவில்லை. சென்னையில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் 4 லட்சம் ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார். லண்டனில் இருக்கும் தம்பியோ, "இங்கே இதற்கு லைசென்ஸே கிடையாது, அடுத்த முறை வரும்போது எடுத்து வந்து ஏலத்தில் விடுகிறேன்" என்கிறான். ஊரில் ஒருவர், "குழாயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிடு, அப்புறம் அது பொம்மைதான்" என்கிறார். தங்கையும் பாகத்தில் ஒருத்தி. நாங்கள் என்ன செய்வது? படங்கள் இணைத்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், சேலம்

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். ஈயம் ஊற்ற வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம், காரில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். பெட்டியை மூடி, பூட்டிய அறையில் வையுங்கள். மருந்துக் குடுவையைத் திறந்து கொட்டாதீர்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழிந்தும் பற்றிக்கொள்ளும். குழாயின் முன்வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் இந்த வகைத் துப்பாக்கிகளில் பழைய மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே தங்கியிருப்பது உண்டு. அதை ஆயுதம் தெரிந்த ஒருவர் சோதிக்கும்வரை சுத்தியலை (பிஸ்டலின் பின்புறம், விசையை அழுத்தினால் தட்டும் பாகம்) இழுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். குழந்தைகளை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

இப்போது சட்டம். 'நூறு வருஷத்துக்கு மேல் பழசு, அதனால் லைசென்ஸ் வேண்டாம்' என்று நம்பித்தான் பல குடும்பங்கள் சிக்கலில் மாட்டுகின்றன. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45(சி) ஒரு விலக்கு தருவது உண்மை. வழக்கொழிந்த வகை ஆயுதம், தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதம், பழுதடைந்த ஆயுதம் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும். வயதை மட்டும் காட்டி இந்த விலக்கைக் கேட்க முடியாது. உங்கள் படங்களில் குழாய் நேராக இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது, கேப் (சுத்தியல் தட்டினால் பொறி தரும் சின்னச் செப்பு மூடி) மாட்டும் முனையும் உடையாமல் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் என்று பரிசோதகர் எழுதினால், விலக்கு அங்கேயே போய்விடும்.

ஈய யோசனையும் இதனால்தான் உதவாது. ஊற்றிய ஈயத்தை உருக்கி எடுத்துவிடலாம், ஆக 'பழுது பார்த்தாலும் முடியாத' நிலை வரவில்லை. அதோடு, துப்பாக்கியை மாற்றுவதும் பழுது பார்ப்பதும் பிரிவு 5இன்படி லைசென்ஸ் கேட்கும் காரியங்கள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது சாட்சியாக வந்து நிற்கும். சேகரிப்பாளர்களோ இந்தப் பொருளுக்கு விலை கொடுப்பதே பூட்டு (சுத்தியலை இயக்கும் பொறியமைப்பு) வேலை செய்கிறது, குழாய் சுத்தமாக இருக்கிறது, மேலே நூற்றாண்டுக் கறை கலையாமல் இருக்கிறது என்பதற்காகத்தான். எது விலையைக் கூட்டுகிறதோ அதுவே இங்கே லைசென்ஸையும் கேட்கிறது. இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்று என்னைக் கேட்டால், பொருளைக் காப்பாற்றி லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள் என்பேன். அதற்கு வழி இருக்கிறது.

ஆயுத விதிகள் 2016இன் முதல் அட்டவணையில் நான்காம் வகை என்று ஒன்று உண்டு. பிரிவு 45(சி)யில் விலக்குப் பெறாத அரும்பொருள் ஆயுதங்களும் வரலாற்று ஆயுதங்களும் அதில் வரும். உங்கள் பெட்டி அங்கே போய்ச் சேர வேண்டும். ஆனால் அது நிஜமாகவே பழைய பொருள்தானா என்பது முதலில் தெரிய வேண்டும். மதிப்பீடு விலைக்காக மட்டும் இல்லை. இத்தாலியின் கார்டோனேயில் இதே வடிவத்தில் இன்றும் சுடக்கூடிய நகல்கள் செய்கிறார்கள். அப்படி ஒரு நகலாக இருந்தால் அது வரலாற்று ஆயுதமும் இல்லை, தொல்பொருளும் இல்லை, வெறும் லைசென்ஸ் இல்லாத பிஸ்டல்.

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயின் பக்கவாட்டில் இரண்டு சிறிய முத்திரைகள்: ஒன்றில் கிரீடமும் கீழே 'ஜிபி' எழுத்துகளும், மற்றதில் கிரீடமும் 'வி' எழுத்தும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் நிறுவனம் குழாயைச் சோதித்துப் போடும் முத்திரைகள் இவை. பர்மிங்காமின் சோதனைச் சாலை 1813இல் வந்தது, அதன் முத்திரைகள் வேறு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சரக்கு என்றால் நீள்வட்டத்துக்குள் 'ஈஎல்ஜி' இருக்கும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. பூட்டுத் தகட்டில், சுத்தியலுக்கு முன்னால், நிறம் சற்று மாறிய இரண்டு புள்ளிகள். அடைக்கப்பட்ட பழைய துளைகள் மாதிரித் தெரிகிறது. சிக்கிமுக்கிக் கல் பிஸ்டலில் (கல் உரசும் பொறியில் மருந்து பற்றும் பழைய வகை) மருந்துக் கிண்ணமும் அதன் மூடிக்கான ஸ்பிரிங்கும் பிடிக்கும் இடம் அதுதான். ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1820களில் செப்புக் கேப் பரவியது. அதன்பிறகு நல்ல கல் பிஸ்டல்களைத் தூக்கிப் போடாமல் கேப் பிஸ்டலாக மாற்றிக்கொண்டார்கள். உங்களுடையது அப்படி மாற்றியதாக இருக்கலாம். மாற்றிய ஜோடி, தொடக்கத்திலேயே கேப்புக்காகச் செய்த ஜோடியின் விலைக்கோ, மாற்றாத கல் ஜோடியின் விலைக்கோ பெரும்பாலும் போகாது. விலை ஏறும் என்று யாராவது மறுபடி கல் பூட்டாக்கித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். படத்தை வைத்து என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். முடிவு சொல்ல வேண்டியது ஆயுதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் நிபுணர்.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 25(1பி)இன்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தெரிந்து வைத்திருந்தால்தான் அது 'வைத்திருத்தல்' என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும் (பிரிவு 39). பரணில் இருந்தது தெரியாது என்ற உங்கள் நிலை வலுவானது. ஆனால் பெட்டியைத் திறந்த நாளோடு 'தெரியாது' முடிந்துவிட்டது. இனி தாமதம்தான் உங்களுக்கு எதிரி.

அதனால் இந்த வாரமே ஒரு கடிதம். சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு, நகல் ஏற்காடு காவல் நிலையத்துக்கு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் யார் முன்னிலையில் கிடைத்தது என்று எழுதுங்கள். உடனே ஒப்படைக்கத் தயார், நிபுணர் பரிசோதனை வேண்டும், சுடும் நிலையில் இருந்தால் நான்காம் வகை லைசென்ஸ் வேண்டும் என்று கேளுங்கள். குடுவையைப் பற்றியும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ பிரிவு 21இன்படி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். காவலர்களே வந்து எடுத்துச் செல்லும்படி கேட்பது நல்லது. ரசீதில் 'பழைய பிஸ்டல் 2' என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முத்திரை, பொறிப்பு, நீளம், பெட்டி, அச்சு எல்லாம் வரட்டும். லைசென்ஸ் கிடைத்ததும் திரும்பப் பெறும் உரிமையை அதே பிரிவு தருகிறது. பரிசோதனையில் இனிச் சுடவே முடியாது என்று வந்தால், அந்த அறிக்கையின் சான்றிட்ட நகலைப் பெட்டியோடு வையுங்கள்.

தாத்தாவின் பழைய காகிதங்களை இன்னொரு முறை தேடுங்கள். அவர் பெயரில் லைசென்ஸ் இருந்து, அதில் இவை பதிவாகியிருந்தால், விதி 25இன்படி வாரிசு என்ற முறையில் கேட்பது எளிது. ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பதும் 2019 திருத்தம்தான், வாரிசாக வந்தவையும் அதில் அடங்கும். உங்கள் பெயரில் தோட்டக் காவலுக்கு ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், தங்கை பெயரில் விண்ணப்பிக்கலாம்.

தங்கை என்றதும் பாகப்பிரிவினை. ஆளுக்கொன்றாகப் பிரிக்க நினைக்காதீர்கள். பெட்டியோடும் கருவிகளோடும் உள்ள ஜோடியின் விலை, தனித்தனி இரண்டின் கூட்டுத்தொகையை விட மிக அதிகம். ஒருவர் எடுத்துக்கொண்டு, மதிப்பீட்டுத் தொகையில் மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுப்பதாகப் பத்திரத்தில் எழுதுங்கள்.

தம்பி சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் பிரிவு 58(2), அழகுக்காகவோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. 2021 விதிகளின்படி அது 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும். இப்படி வாய்வழி கெட்டிக்கும் வகை அதில் அடங்கும். சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் அங்கேயும் சான்றிதழ் வேண்டும். ஆனால் உங்கள் பெட்டி ஏற்காட்டில் இருக்கிறது. இங்கிருந்து வெளியே கொண்டுபோக ஆயுதச் சட்டம் பிரிவு 10இன்படி லைசென்ஸ் வேண்டும். அதற்கும் மேலாக, தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972 குறுக்கே நிற்கிறது. நூறு ஆண்டு கடந்த, வரலாற்று ஆர்வமுள்ள பொருள் இங்கிலாந்தில் செய்ததாக இருந்தாலும் தொல்பொருளாகலாம். தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது, மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. விமான நிலைய ஸ்கேனரில் பிஸ்டல் வடிவம் தெரிந்த நிமிடமே தம்பியின் பயணம் நின்றுவிடும். லண்டன் ஏல நிறுவனங்கள் படத்தைப் பார்த்தே உத்தேச மதிப்புச் சொல்கின்றன. அவர் அந்த வேலையைச் செய்து தரட்டும், பாகப்பிரிவினைக்கு உதவும்.

சென்னை வியாபாரிக்கு இப்போதைக்கு 'இல்லை' என்று வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தொல்பொருள் விற்க அவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி வாங்க இன்னொன்று வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. உங்கள் பெயரில் லைசென்ஸ் வந்தபிறகு, தகுதியுள்ள ஒருவருக்கு விற்கப் பிரிவு 5(2)இல் வழி இருக்கிறது: ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் காத்திருந்து விற்க வேண்டும்.

கடிதத்தோடு வைக்க வேண்டியவை: ஒவ்வொரு பிஸ்டலுக்கும் இரு பக்கப் படம், முத்திரைகளின் நெருக்கப் படம், தாத்தா, அப்பா இருவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பங்களா வாங்கிய கிரயப் பத்திர நகல். அந்தப் பத்திரத்தில் தளவாடங்களின் பட்டியல் இருந்தால் அதில் இந்தப் பெட்டி வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.