மிஸ் ஃபிஷர் தொடரை டாட்டுக்காகப் பாருங்கள்

கேள்வி: பழைய காலத்தில் நடக்கும், பெண் துப்பறிவாளர் நாயகியாக வரும் தொலைக்காட்சித் தொடர் எதையாவது சொல்லுங்களேன். ரத்தக்களறி அதிகம் வேண்டாம்.

‘மிஸ் ஃபிஷர்ஸ் மர்டர் மிஸ்டரீஸ்’ பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2012 முதல் 2015 வரை வந்தது. மூன்று சீசன், மொத்தம் 34 எபிசோட். ஒவ்வொன்றிலும் ஒரு கொலை விழும், ஒரு மணி நேரத்துக்குள் ஆளும் பிடிபட்டுவிடுவான். பிணம் உண்டு, கோரம் கிடையாது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூளையைக் கசக்கும் புதிர் வேண்டும் என்று உட்கார்ந்தால் இது உங்களுக்கு ஒத்துவராது. தெரிந்த முகமாக ஒரு நடிகர் வந்து, வேலையே இல்லாமல் ஓரமாக நிற்கிறாரா? பாதிக்கு மேல் அவர்தான் கொலைகாரர். எனக்கே பல தடவை முன்னாடியே தெரிந்துவிடும். இருந்தும் எழுந்து போகத் தோன்றவில்லை. காரணம், மிஸ் ஃபிஷரின் வீடும் அதில் இருக்கும் மனிதர்களும்.

கதை நடப்பது 1928-29இல், மெல்பர்ன் நகரத்தில். ஃப்ரைனி ஃபிஷர் காலிங்வுட் என்ற ஏழைகள் பகுதியில் பட்டினியோடு வளர்ந்தவள். முதல் உலகப் போரில் வாரிசுகள் செத்துப்போனதால் அவள் அப்பாவுக்கு இங்கிலாந்தில் பிரபுப் பட்டமும் சொத்தும் வந்து சேர்கின்றன. அவளோ போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது கையில் பணம், ஹிஸ்பானோ சுயிஸா கார், முத்துப்பிடி போட்ட குட்டித் துப்பாக்கி. குதிகால் செருப்போடு சுவர் ஏறுவாள், விமானம் ஓட்டுவாள், பிடித்த ஆணோடு இரவைக் கழிப்பாள், காலையில் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டாள். (வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பதாக இருந்தால் ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.)

எஸ்ஸி டேவிஸ் இந்த வேடத்தை ஏற்றபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். மூல நாவல்களில் ஃப்ரைனிக்கு வயது இருபதுகளில்தான். நாவலைப் படித்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த மாற்றம் நல்லதுக்குத்தான். போரையும் சாவையும் பார்த்துவிட்டு, இனி சந்தோஷமாகத்தான் இருப்பேன் என்று முடிவெடுத்த ஒருத்தியின் முகம் அவருக்கு இருக்கிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் அது வெறும் துடுக்காகத் தெரிந்திருக்கும்.

சரி, எல்லோரும் ஃப்ரைனியைத்தான் புகழ்கிறார்கள். நான் பார்த்தது டாட்டுக்காக. டாரத்தி வில்லியம்ஸ் என்ற டாட், முதல் எபிசோடில் பெரிய வீடு ஒன்றில் வேலைக்காரி. முதலாளி செத்துப்போக, சந்தேகம் அவள் மேல் விழுகிறது. ஃப்ரைனி அவளை மீட்டு, தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். டாட் பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண். பாதிரியார் சொன்னதை நம்பி டெலிபோனைத் தொடவே நடுங்குகிறவள். அங்கே தொடங்கி மூன்று சீசனில் அவள் வந்து சேரும் இடம் இருக்கிறதே, அதுதான் தொடரின் உண்மையான கதை என்பேன். மாறுவேடம் போடுகிறாள், துப்புத் தேடுகிறாள், ஆனால் ஜெபமாலையை விடவில்லை. எஜமானியைப் பார்த்து நகல் எடுக்காமல் தன் வழியிலேயே தைரியசாலி ஆகிறாள். ஆஷ்லீ கம்மிங்ஸ் இதைக் கண்ணாலேயே நடித்துக்காட்டுகிறார்.

அவளுக்கும் கான்ஸ்டபிள் ஹ்யூ காலின்ஸுக்கும் காதல். பையன் தங்கமானவன். ஆனால் அவன் புராட்டஸ்டன்ட், அதுவே அன்றைக்குப் பெரிய மதில். அடுத்த சிக்கல், கல்யாணத்துக்கு அப்புறம் டாட் வேலைக்குப் போகலாமா என்பது. இதைத் திரைக்கதைக்காக ஊதிப் பெரிதாக்கியதாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலிய மத்திய அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1966 வரை இருந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றி எபிசோடில் யாரும் பாடம் நடத்துவதில்லை. சமையலறையில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் குறிப்பாக 1928? இதற்குப் பின்னால் நாவலாசிரியர் கெர்ரி கிரீன்வுட் இருக்கிறார். இந்த வரிசையின் முதல் நாவல் 1989இல் வந்தது. ஏழைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய சட்ட உதவி வழக்கறிஞர் அவர். அப்பா துறைமுகத் தொழிலாளி. சட்டம் படிக்கும்போது அவர் ஆராய்ந்தது 1928 துறைமுக வேலைநிறுத்தத்தை. அந்த நவம்பரில் போர்ட் மெல்பர்னில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது, குண்டடி பட்ட ஒருவர் அடுத்த வருடம் இறந்தார். முதல் உலகப் போரில் துருக்கியின் கலிபோலிப் போர்முனைக்குப் போய்த் திரும்பியவர் அந்தத் தொழிலாளி. இது தெரிந்தால், ஃப்ரைனிக்கு உதவியாக வரும் பெர்ட், செஸ் இருவரும் ஏன் பழைய துறைமுக ஆட்களாகவும் பொதுவுடைமை பேசும் டாக்ஸிக்காரர்களாகவும் இருக்கிறார்கள் என்று புரியும். பிரபு வீட்டுப் பெண்ணின் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து முதலாளி வர்க்கத்தைத் திட்டுவார்கள். அவளும் ரசித்துக் கேட்பாள்.

உடைகளைப் பற்றித் தனியாக ஒரு பதிலே எழுதலாம். மரியன் பாய்ஸ் என்ற உடை வடிவமைப்பாளரின் கைவண்ணம். தொப்பியும் பட்டும் பார்த்தே ஒரு எபிசோடை ஓட்டிவிடலாம். மிரியம் மார்கலீஸ் நடிக்கும், ஃப்ரைனியின் ‘ஆன்ட்டி’ ப்ரூடன்ஸின் மாளிகையாக வருவது மெல்பர்னின் ரிப்பன் லீ. இந்த உடைகளைப் பிற்பாடு அங்கேயே கண்காட்சியாகவும் வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜாக் ராபின்சன் பற்றி எழுதாவிட்டால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். நாவலில் அவருக்கும் ஃப்ரைனிக்கும் காதல் எதுவும் இல்லை, தொடர்தான் சேர்த்தது. நேதன் பேஜ் அரைப் புன்னகையிலேயே மூன்று சீசனை இழுத்துக்கொண்டு போகிறார். இரண்டாவது சீசனில் கார் பந்தய வீராங்கனை ஒருத்தி இறக்கும் எபிசோட் வரும். விபத்தில் செத்தது ஃப்ரைனி என்று சில நிமிஷம் நம்பிவிட்ட ஜாக், அதற்கப்புறம் பேசும் பேச்சைக் கவனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த எபிசோட் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஃப்ரைனி தத்துப்பிள்ளை போல வளர்க்கும் ஜேன் போகப் போக ஒதுங்கிவிடுகிறாள். முதல் சீசன் முழுக்க ஓடும் ஃப்ரைனியின் தங்கை கடத்தல் கதைக்குக் கிடைக்கும் முடிவு எனக்குக் கொஞ்சம் நாடகத்தனமாகப் பட்டது.

2020இல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த பணமும் சேர்ந்து ஒரு திரைப்படம் வந்தது. பாலைவனம், கல்லறை, சாபம் என்று பெரிதாகப் போனார்கள். டாட்டும் ஹ்யூவும் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள், வீடு காணாமல் போய்விட்டது. எனக்கு ஒட்டவே இல்லை. அதே வருடம் சீனாவில் ‘மிஸ் எஸ்’ என்று 1930களின் ஷாங்காயில் வைத்து மறு ஆக்கம் செய்தார்கள் என்பது உபரித் தகவல்.

முதல் எபிசோடில் கருக்கலைப்பும் போதைப்பொருளும் வருகின்றன, கொஞ்சம் கனமாக இருக்கும். அங்கே நிறுத்திவிடாமல் இரண்டாவதான ரயில் கொலையையும் பாருங்கள். அது பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம். மெல்பர்ன் பேச்சு வழக்கு பழகும்வரை சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், குறிப்பாக பெர்ட் பேசும்போது.