பிரசவ வலிக்கு ஒரு வாயு, குழந்தையின் மூச்சுக்கு இன்னொன்று

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இளம் தாய்மார்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. நைட்ரஸ், நைட்ரிக், நைட்ரேட் என்று பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலருக்குக் குழப்பம், சிலருக்குப் பயம். பிரசவ அறையில் பல வருடம் நின்ற மயக்க மருத்துவர் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஒன்பதாவது மாதம். முதுகில் ஊசி போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. 'சிரிப்பு வாயு' கேட்கலாம் என்று தோழி சொன்னாள். குழந்தைக்கு மயக்கம் வந்துவிடாதா?

வராது. இது நைட்ரஸ் ஆக்சைடு. பிரசவ அறையில் அதைப் பாதிக்குப் பாதி ஆக்சிஜனுடன் கலந்துதான் தருவோம். நுரையீரல் வழியாகவே உள்ளே போய், சில நிமிடங்களில் அதே வழியாக வெளியேறிவிடும். குழந்தை பிறந்தவுடன் பால் கொடுக்கலாம்.

முகமூடியை உங்கள் கையில்தான் கொடுப்போம். வேறு யாரும் பிடிக்கக்கூடாது, கணவர் உட்பட. கண் சொக்கினால் உங்கள் கை தளரும், முகமூடி தானாக விலகும், நீங்கள் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பீர்கள். பாதுகாப்பே அந்தத் தளர்கிற கைதான்.

அப்புறம், நேரம் முக்கியம். வாயு வேலை செய்ய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். வயிறு இறுகத் தொடங்கும்போதே மூச்சை இழுக்க வேண்டும். வலி உச்சத்துக்குப் போன பிறகு இழுத்தால், வலி அடங்கிய பிறகுதான் வாயு வந்து சேரும். இது வலியை முழுதாக எடுக்காது, மட்டுப்படுத்தும். சிலருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வரலாம். எல்லா மருத்துவமனைகளிலும் இந்த வசதி இல்லை என்பதால் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு உடம்பில் உள்ள பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். பி12 போதுமான அளவு இருப்பவருக்குச் சில மணி நேரம் பிரச்சினை இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே பி12 குறைபாடு இருந்தால், கை கால் மரத்துப்போனால், டாக்டரிடம் முன்பே தெரிவியுங்கள்.

என் மகளுக்குப் பிறந்த குழந்தைக்கு 'நைட்ரிக் ஆக்சைடு' வைத்திருக்கிறார்கள். அது வண்டிப் புகையில் வரும் விஷ வாயு என்று பேரன் செல்போனில் பார்த்துச் சொன்னான். தூக்கமே வரவில்லை.

பேரன் படித்தது பொய்யில்லை அம்மா. எஞ்சின் புகையிலும் அது உண்டு. ஆனால் நம் ரத்தக்குழாய்களின் உள்சுவரும் ஒவ்வொரு நொடியும் அதே நைட்ரிக் ஆக்சைடைத் துளித்துளியாகச் செய்துகொண்டிருக்கிறது. குழாயை விரியச் சொல்லும் செய்தி அது. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவறையில் குழந்தைக்கு நுரையீரல் வேலை இல்லாததால் அங்குள்ள குழாய்கள் சுருங்கியே இருக்கும். முதல் அழுகையோடு அவை விரிய வேண்டும். சில குழந்தைகளுக்கு விரியாது. அப்போது ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் பழைய குறுக்குவழியிலேயே ஓடும். உங்கள் பேரக்குழந்தையின் வலது கையிலும் காலிலும் தனித்தனியாக, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சிவப்பு விளக்குக் கருவி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் 95, காலில் 82 என்று காட்டினால் அந்தக் குறுக்குவழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். வாயு கொடுத்த பிறகு அந்த இரண்டு எண்களும் நெருங்கி வருவதைத்தான் நர்ஸ் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அளவு மிகச் சிறியது. பெரும்பாலும் பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கில் தொடங்குவோம். ரத்தத்தில் கலந்த நொடியே ஹீமோகுளோபின் அதைப் பிடித்து முடக்கிவிடும். அதனால் நுரையீரலில் மட்டும் வேலை செய்யும், உடம்பின் ரத்த அழுத்தத்தைக் குறைக்காது. ஆக்சிஜனோடு சேர்ந்து அது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறினால்தான் நுரையீரலைப் புண்ணாக்கும். அதனால் இயந்திரமே அந்த அளவைத் தொடர்ந்து அளந்து காட்டும். எடுக்கும்போதும் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். 'இன்னும் ஏன் எடுக்கவில்லை' என்று அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

உங்கள் மகளைப் பாருங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும், பாலைப் பீய்ச்சி எடுக்க உதவுங்கள். இல்லாவிட்டால் பால் வற்றிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. கேளுங்கள்.

எங்கள் ஊரில் போர் தண்ணீர்தான். உரம் கலந்திருக்கும் என்கிறார்கள். மூன்று மாதக் குழந்தைக்குப் பவுடர் பாலை நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் கலக்குகிறேன். போதுமா?

கிருமிக்குப் போதும். உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைட்ரேட் என்ற உப்புக்குப் போதாது, கொதிக்கவைத்தால் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகப் போகும், நைட்ரேட் அப்படியே தங்கும்.

சிறு குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். அதைச் சரிசெய்யும் நொதியும் ஆறு மாதம் வரை போதுமான அளவு இருக்காது. உதடும் நகமும் சாம்பல் கலந்த நீலமாகும். ஆக்சிஜன் வைத்தாலும் நிறம் மாறாது. ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் வைத்தால் காற்றுப்பட்டும் சிவக்காமல் காப்பிக்கொட்டை நிறத்திலேயே நிற்கும். அமெரிக்காவின் அயோவா கிராமக் கிணறுகளில் இதை 1945-இல் முதலில் எழுதி வைத்தார் டாக்டர் கோம்லி. மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் சீக்கிரமே நிறம் திரும்பும். ஆனால் குழந்தையை நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும், 108-ஐ அழையுங்கள்.

இந்தியத் தரத்தின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு குறைக்கும், சாதாரண வடிகட்டி குறைக்காது. தாய் குடிக்கும் தண்ணீரிலிருந்து நைட்ரேட் தாய்ப்பாலில் அதிகமாக இறங்காது. பால் கொடுக்க முடிகிற நிலையில் இருந்தால் அதற்கே திரும்புங்கள். கிராம சுகாதார செவிலியர் கூட உட்கார்ந்து சொல்லித்தருவார்.

பீட்ரூட் ஜூஸ் குடித்தால் பி.பி. குறையுமாமே? கர்ப்பத்தில் மாத்திரைக்குப் பதில் குடிக்கலாமா?

பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் பெரியவர்கள் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பிரசவமாகி ஐந்தாம் நாள். தலைவலி மண்டையைப் பிளக்கிறது. 'பச்சை உடம்பு, காற்று அடித்திருக்கும்' என்று மாமியார் பத்திய ரசம் வைத்துத் தருகிறார்.

ரசம் குடியுங்கள், ஆனால் இன்றே ரத்த அழுத்தம் பாருங்கள். பிரசவத்தோடு பி.பி. ஆபத்து முடிந்துவிடாது. மூன்று முதல் ஆறு நாட்களுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகும், கர்ப்பத்தில் சரியாக இருந்தவருக்கும் வரலாம். ரத்தக்குழாயின் உள்சுவர் பழுதாகி, போதுமான நைட்ரிக் ஆக்சைடு சுரக்காமல் குழாய்கள் இறுகிப்போவது இதற்கு ஒரு காரணம்.

140/90-க்கு மேல் என்றால் அன்றே டாக்டர். 160/110 என்றால், அல்லது கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால், உடனே மருத்துவமனை. வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. முதுகில் ஊசி போட்டவருக்கு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வரலாம், அது வேறு. எது என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்று செவிலியரிடம் உங்கள் கையையும் நீட்டுங்கள். பி.பி. பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.